பொருள் வாங்கினால் சந்தோஷம் வருமா? தண்டையார்பேட்டைப் பட்டறையிலிருந்து ஒரு மறுப்பு

பெரம்பூர் வாசகர், அக்டோபர் 3, 2025

ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தோம். பரணிலிருந்து இறங்கியதில் பாதி, வாங்கிய பெட்டியோடு அப்படியே இருக்கிறது. ஏர் ஃபிரையர், பாத மசாஜ் மெஷின், ரெண்டு ப்ளூடூத் ஸ்பீக்கர், வீட்டில் யாரும் கேட்காத ஒரு ரொட்டி மேக்கர். எல்லாம் ராத்திரி படுத்துக்கொண்டே போனில் நானே வாங்கியது. வந்த அன்று ஒரு மணி நேரம் குஷி, அதோடு சரி. பொருளால் சந்தோஷம் கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அக்டோபர் 4, காலை

மறுக்கிறேன். தண்டையார்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பட்டறை என்னுடையது. இந்தப் பக்கம் யார் வீட்டில் எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்பது எனக்கு அத்துப்படி.

நேற்று சாயங்காலம் ஒரு மிக்ஸி வந்தது. 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்ததே, அந்த விலையில்லா மிக்ஸி. ஒட்டியிருந்த படம் தேய்ந்துபோய் வெள்ளைத் தடம் மட்டும் பாக்கி. ஜார் கைப்பிடி உடைந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப். மூடி ரப்பருக்குப் பதில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஜாரை மோட்டாரோடு பிணைக்கிற கப்ளரில் பல்லே இல்லை, மொழுமொழு. கொண்டுவந்த அம்மா நேதாஜி நகர் பக்கம் காலையில் இட்லி போடுகிறவர். "காயில் கட்டுற துட்டோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்மா" என்றேன். "புதுசு இந்த மாதிரி அரைக்குமா? காலைல சட்னி அரைக்கணும், நைட்டுக்குள்ள குடுத்துடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மாவிடம் போய்ப் பொருளால் சந்தோஷம் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் ஏர் ஃபிரையர் ஜாதி என் பட்டறைக்கு ரிப்பேருக்கு வருவதே இல்லை. "இத எவ்ளோக்கு எடுத்துப்பீங்க?" என்றுதான் வரும். டிஸ்ப்ளே மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரித்திருக்க மாட்டார்கள். ஆகவே என் கட்சி இதுதான்: எந்தப் பொருளுக்குக் காசு கொடுத்து ரிப்பேர் பார்க்க மனசு வருகிறதோ, அது சந்தோஷம் கொடுத்த பொருள். மற்றதெல்லாம் வாங்கிய நேரத்தில் மட்டும் கொடுத்தது.

அக்டோபர் 4, இரவு

"அப்படியானால் வாரத்துக்கு ஒருதரம் நின்றுபோகிற என் பைக்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பொருளா?" என்று ஒருவர். தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம்தானே போகிறீர்கள், காயலான் கடைக்குப் போகவில்லையே. ஆமாம் சார், பிடித்த பொருள்தான். வீட்டில் சொல்லாதீர்கள்.

ஏர் ஃபிரையர் புதுசு, அதனால் ரிப்பேர் வரவில்லை என்று இன்னொருவர். நியாயமான கேள்வி. ஆனால் அதே வருடம் வாங்கிய மிக்ஸி வந்துவிடுகிறதே. கார்பன் தேய்ந்து வருகிறது, பிளேடு மழுங்கி வருகிறது. ஓடினால்தானே தேயும்.

அக்டோபர் 6

ஆய்வு எல்லாம் போட்டு மிரட்டுகிறார்கள். பொருள் வாங்குவதைவிட அனுபவத்துக்குச் செலவழிப்பதுதான் அதிக சந்தோஷம் என்று வான் போவன், கிலோவிச் என்ற இரண்டு உளவியல்காரர்கள் 2003-ல் எழுதியதை எடுத்துப் போட்டிருக்கிறார் ஒரு நண்பர். டூர் போ, கச்சேரிக்குப் போ, டிவி வாங்காதே, அதுதான் சாரம்.

என் தம்பி மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். அவள் 2018-ல் வந்த இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். லீ, ஹால், வுட் என்று மூன்று பேர். வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுபவம் தூக்கலாக இருக்கிறது, கீழ்த்தட்டு ஆட்களுக்குப் பொருளும் அதே அளவு, சில சமயம் அதைவிட அதிக சந்தோஷம் கொடுக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். கையில் காசு குறைவாக இருக்கும்போது ரொம்ப நாள் நிற்கிற பொருளில் போடுவதுதான் புத்திசாலித்தனம், அதனால்தான் திருப்தி என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதைச் சொல்ல ஆய்வே வேண்டாம், எங்கள் தெருவில் எந்த ஆயாவைக் கேட்டாலும் சொல்லுவார். இருந்தாலும் அச்சில் வந்தால் ஒரு மரியாதை இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். ஒற்றை அறை வீட்டில் பொருள் எது, அனுபவம் எது? 2006 தேர்தலுக்கு அப்புறம் 14 இன்ச் கலர் டிவி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கிரிக்கெட் பார்க்க அடுத்தவர் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பையன்களுக்கு அந்த டிவி வெறும் பொருளா?

அக்டோபர் 6, கொஞ்ச நேரம் கழித்து

லாட்டரி ஆய்வையும் போட்டாயிற்று. 1978-ல் வெளியான அமெரிக்க ஆய்வு: பெரிய தொகை ஜெயித்த 22 பேரைக் கேட்டார்கள், பரிசே விழாத அக்கம்பக்கத்து ஆட்களைவிட அவர்கள் பெரிதாகச் சந்தோஷமாக இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் ருசியும் குறைந்துபோயிருந்தது. சரி. ஆனால் ஜெயித்தவர்கள் என்ன வாங்கினார்கள், அதில் எதை ரிப்பேர் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

அக்டோபர் 9

இஎம்ஐ, அதாவது மாதத் தவணையில் பொருள் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு. இதுதான் எனக்கு எரிச்சலான இடம், அதனால் நீளும்.

தவணை நமக்குப் புதிதில்லை. பாத்திரம், ஃபேன், கட்டில் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு வாராவாரம் அட்டையில் வரவு எழுதிக்கொண்டு போகிற தவணைக்காரரைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். அவர் விலையில் கூட்டித்தான் வைப்பார், தர்மவான் எல்லாம் இல்லை. ஆனால் காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அவருக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் அரிசிக்கே இழுபறி. "போட்டு போகலண்ணே" என்றால் முணுமுணுத்துக்கொண்டே அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இஎம்ஐக்குத் தடைக்காலம் தெரியாது. ஐந்தாம் தேதி ஆட்டோ டெபிட். அக்கவுண்டில் இல்லையென்றால் பேங்க் ஒரு அபராதம், கடன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம். அந்த அபராதத்தைக் கட்ட தண்டல்.

தண்டல் தெரியாத தென்சென்னை நண்பர்களுக்கு: 10,000 கேட்டால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே, அதைச் சேர்த்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், 70 சதவீதத்துக்கு மேல் போகும். ஒரு போனை "வட்டியே இல்லாமல்" வாங்கி, கடைசியில் இதில் வந்து நிற்கிற பையன்களை மாதாமாதம் பார்க்கிறேன்.

வட்டியே இல்லை என்பதும் பேச்சுதான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் ஒளித்து வைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் பேங்க்குகளுக்கு எழுதியது. இப்போது நடக்கிற நோ காஸ்ட் இஎம்ஐயில் கடைக்காரர் வட்டிக்குச் சமமான தொகையை முன்னாலேயே தள்ளுபடியாகக் காட்டுவார், பேங்க் அதே வட்டியைத் திரும்பப் போட்டு வசூலிக்கும். அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு, அது உங்கள் தலையில். ப்ராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைக்கக்கூடியது ஏதாவது இருந்தால் அதுவும் போச்சு.

கார்டு தேய்க்கும்போது நோட்டு எண்ணுகிற வலி இல்லை என்று எல்லோரும் சொல்வதுதான். அதற்கும் ஒரு பரிசோதனை உண்டு: 2001-ல் வந்தது, ப்ரெலெக், சைமஸ்டர் இருவரும் அமெரிக்க எம்பிஏ மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைவிட, கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். படித்த பிள்ளைகளே அப்படி.

அக்டோபர் 10

சின்னத் திருத்தம், ஒருவர் மேலே எழுதியதற்கு. "செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்ததால் மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் மலிவு, இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்கிறார். 28-லிருந்து 18 ஆனது ஏசி, 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவி, டிஷ்வாஷர் போன்றவைதான். மிக்ஸி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் 2018 ஜூலையிலேயே 18-க்கு வந்துவிட்டன. வரி குறைந்தது என்று மிக்ஸிக்கு மேல் பேனர் கட்டியிருந்தால் அது தீபாவளி விற்பனை, அவ்வளவுதான்.

அக்டோபர் 12

ஏசி கேட்டவருக்கு. வாங்கினால் சந்தோஷமா? எர்ணாவூரில் ஒருவர், துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டியவர். ஷீட் போட்ட மாடி ரூம், சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. போன வருடம் ஏசி போட்டார். "பத்து வருஷம் கழிச்சுத் தூங்குறேண்ணே" என்றார். இந்தச் சந்தோஷத்தை நான் எந்த ஆய்வுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் கரண்ட் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2025 கட்டணப்படி ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. முதல் 100 இலவசம் இருக்கும். கோட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101-லிருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டே ஏறக்குறைய இரட்டிப்பு விலைக்குப் போய்விடும். அந்த ஆளுக்கு முதல் பில் வந்தபோது போன் எனக்குத்தான் வந்தது. மீட்டர் ஓட்டமா பார்க்கச் சொன்னார். மீட்டர் சரியாக இருந்தது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுற்று வட்டாரம்; அதை மாற்றி, ஏசியை 26-ல் வைத்துக் கொஞ்சம் இறக்கினோம்.

அக்டோபர் 15

ராத்திரி போனில் வாங்குகிற பழக்கம் பற்றி நிறையப் பேர். "இன்னும் 2 மட்டுமே பாக்கி", "18 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்", கீழே ஓடுகிற கடிகாரம். பொய் அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்றால் குத்திக்காட்டுவது என்று 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. தடை இருக்கிறது, கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளிலும் இதே வித்தைதான், "கடைசி பீஸ்க்கா, கடைசி பீஸ்" என்று மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கத்துவார்கள். வித்தியாசம், அங்கே மூட்டை கண்ணுக்குத் தெரியும். பேரம் பேசலாம், பிடிக்கவில்லை என்று நடையைக் கட்டலாம், பின்னாலேயே வந்து விலை குறைப்பார்கள். கூட வந்த மச்சினி "இதே கலர் உன்கிட்ட இருக்கே" என்பார். போனில் வாங்கும்போது மச்சினி இல்லை.

அக்டோபர் 15, இரவு

மச்சினி எப்போதும் எதிர்க்கட்சியாகத்தான் இருப்பாரா, அவரே ரெண்டு வாங்க வைத்துவிடுவார் என்று ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மேலே போகலாம்.

அக்டோபர் 23

தீபாவளி வேலை முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். ராயபுரத்து அக்கா ஒருவர் எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். "உன் ரிப்பேர் கணக்கில் பட்டுப்புடவை எங்கே வரும்? பரண் மேல் இருக்கிற பித்தளை அண்டா எங்கே வரும்? என் அம்மா கொடுத்த அண்டாவில் நான் தண்ணீர்கூடப் பிடித்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, திரும்ப ஏற்றுகிறேன். அது எனக்குச் சந்தோஷம் இல்லையா?"

இந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. ஓடாத பொருளும் சந்தோஷம் கொடுக்கும் போலிருக்கிறது. ஆனால் பாருங்கள், அக்காவே வருடா வருடம் இறக்கித் தேய்க்கிறார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தில் அதற்கும் காசு கொடுத்திருப்பார். பராமரிக்க மனசு வருகிறதா என்பதுதான் கேள்வி என்று மாற்றிக்கொள்கிறேன். பெரம்பூர்க்காரரின் மசாஜ் மெஷினை யார் புளி போட்டுத் தேய்ப்பார்கள்?

அப்புறம் நகை. செய்கூலி, சேதாரம், 3 சதவீதம் ஜிஎஸ்டி கொடுத்து வாங்கி, விற்கும்போது அதெல்லாம் திரும்பாது. முட்டாள்தனம் என்று ஒரு தம்பி கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரி. ஆனால் ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய காலையில் அடகுக் கடை வாசலில் நின்றிருக்கிறீர்களா தம்பி? தங்க மதிப்பில் முக்கால் பங்கு அரை மணியில் கையில். ஏர் ஃபிரையரை வைத்துக்கொண்டு யார் கொடுப்பார்? எங்கள் பக்கம் ஒரு வளையல் ஒரே வருடத்தில் கல்யாணத்துக்குக் கையில் ஏறும், ஃபீஸுக்குச் சேட்டு கடைக்குப் போகும், போனஸில் திரும்பி வரும். மீட்டு வந்த அன்று அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைப் பாருங்கள். புதிதாக வாங்கிய அன்றுகூட அவ்வளவு மினுக்கு இருந்திருக்காது.

அக்டோபர் 24

"அக்கம்பக்கத்துக்குக் காட்டத்தானே எல்லாம்" என்கிறவர்களுக்கு. இருக்கட்டுமே. ஹவுசிங் போர்டு பிளாக்கில் எல்லார் வீட்டு வாசலும் எல்லாருக்கும் தெரியும். புதிய ஃப்ரிட்ஜை நாலு பேர் பிடித்துப் படியேற்றும்போது மூன்று மாடியும் எட்டிப் பார்க்கும். அந்தப் பத்து நிமிடப் பெருமையை நான் கேலி செய்ய மாட்டேன். அடுத்த மாதம் மேல் வீட்டுக்காரர் அதைவிடப் பெரிய ஃப்ரிட்ஜ் இறக்கினால் வயிறு எரியும், அதுதான் தொல்லை. ஆனால் எரிகிற நேரத்திலும் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ் பாலைக் கெடாமல் வைத்திருக்கும்.

அக்டோபர் 28

மழை ஆரம்பித்ததும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எர்ணாவூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு நான் பார்த்த வீடுகளில் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. தண்ணீர் ஏறும்போது எதையெல்லாம் கட்டில் மேல் தூக்கி வைத்திருந்தார்கள் தெரியுமா: கேஸ் அடுப்பு, மிக்ஸி, தையல் மெஷின், பிள்ளைகள் சர்ட்டிபிகேட் இருந்த பை. ஒரு வீட்டில் ட்ரெட்மில் அப்படியே தரையில், பெல்ட்டில் எண்ணெய் ஊறிப்போய். அதைத் தூக்குவது கஷ்டம்தான், இருந்தாலும் அந்த வீட்டுக்காரர் அதை முயற்சிகூடச் செய்யவில்லை என்று அவரே சொன்னார். துணி காயப்போட மட்டும்தான் அது உதவியதாம்.

நவம்பர் 2

என் கட்சிக்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும். ரிப்பேர் பார்க்க மனசு இருந்தும் பார்க்க முடியாத பொருள் இப்போது அதிகம். மூடியை ஸ்க்ரூ போடாமல் பசை வைத்து ஒட்டி விடுகிறார்கள், திறந்தால் உடையும். போர்டு மட்டும் போயிருந்தால் போர்டு தனியாகத் தர மாட்டார்கள், முழு யூனிட் வாங்கு என்பார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். ரிப்பேர் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது, சில கம்பெனிகள் விவரம் போட்டிருக்கின்றன. என் மேஜைக்கு இன்னும் உதிரிபாகம் வந்து சேரவில்லை.

அப்புறம் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். ஓடுகிற பொருளையே வண்டியில் ஏற்றி அனுப்ப வைக்கிறது. கடைசியில் அது எங்கே போகும்? நல்லது பிரித்து விற்கப்படும், மிச்சம் காயலான் கடை, அதிலும் மிச்சம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. குப்பைமேட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், நாம் "பழசைக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்கிற சாமான் எரிகிற வாடை எப்படி இருக்கும் என்று.

நவம்பர் 3

கொருக்குப்பேட்டை தங்கச்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு முழங்கால் வலி, துவைக்க முடியவில்லை, வாஷிங் மெஷின் வாங்கலாமா, இல்லை இதுவும் ஆசைதானா என்று. தாராளமாக வாங்கம்மா, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தில் வைக்கிற வீடு என்கிறீர்கள். அப்படியானால் ஃபுல் ஆட்டோமேட்டிக் வேண்டாம், குழாயில் அழுத்தம் இல்லாமல் தண்ணீர் ஏறாது, பாதியில் நின்று கத்தும். செமி ஆட்டோமேட்டிக் போதும், பக்கெட்டில் மொண்டு ஊற்றலாம், ஒரே சோப்புத் தண்ணீரில் ரெண்டு ஈடு போடலாம். எலி கீழே புகுந்து ஒயரைக் கடிக்கும், அடியில் வலை அடித்துத் தருகிறேன். உங்கள் பிளாக் படிக்கட்டு திருப்பத்தில் குறுகல், கடைக்குப் போகும் முன்னால் அந்த அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.